மூன்றாவது வளைவு

என் மச்சானை இந்த ஊரில் எல்லோரும் 'யூ-டர்ன்' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பட்டப்பேரை வைத்தவர் என் அப்பா. அதனால் ஊரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் கிடையாது. என் கல்யாணத்துக்கு முந்தின நாள், மச்சான் ஓட்டுகிற ஒன்பது இருக்கை விமானத்தில் என் அப்பா, அம்மா, சித்தப்பா குடும்பம் எல்லோரும் கீழே நகரத்திலிருந்து ஏறினார்கள். மலையை நெருங்கும்போது மேகம் மூடியிருந்தது. மச்சான் ஒரே ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். சொந்தத் தங்கச்சி கல்யாணம் ஒரு நாள் தள்ளிப்போனது. "சம்பந்தி வீட்டாரைப் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பின ஒரே ஆள் நம்ம யூ-டர்ன்தான்" என்று அப்பா கடைசிவரை சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அதோடு நிற்கவில்லை. ஒரு தடவை பெரிய அதிகாரி ஒருவரைத் திருப்பிக்கொண்டு போனார். அந்த ஆள் கீழே இறங்கியதும் பத்து பேர் முன்னால் கத்தினார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாங்க சார், முதல் சீட்டு உங்களுக்கு" என்றாராம். பெண் பார்க்கப் போன இடத்திலும் அதே கதைதான். இரண்டு இடம் பார்த்தார், இரண்டிலும் பேச்சு முடிகிற நேரத்தில் பின்வாங்கிவிட்டார். தனிக்கட்டையாகவே நின்றுவிட்டார். அவருக்கு இருந்த சொந்தமெல்லாம் நாங்கள் மூன்று பேர்: நான், என் மனைவி, எங்கள் மகள் வாலு. வாலு என்பது பள்ளிக்கூடத்துப் பேர் இல்லை. இரண்டு வயதில் அலமாரி மேலே ஏறி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து மச்சான் வைத்த பேர்.

இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கிறவன் ஏதோ விபத்தைக் கண்ணால் பார்த்திருப்பான் என்று ஊர் பேசிக்கொள்ளும். அப்படி எந்தக் கதையும் இல்லை. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற சாதி அவர், அவ்வளவுதான். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் உள்ளங்கையில் பால்பாயின்ட் பேனாவால் இரண்டு எண்களை எழுதிக்கொள்வார். ஒன்று உயரம், மற்றது நேரம். அந்த உயரத்துக்கு இறங்கியும் ஓடுபாதை தெரியவில்லை என்றால் திரும்பிவிட வேண்டும். அந்த நேரத்துக்குள் இறங்க முடியவில்லை என்றாலும் திரும்பிவிட வேண்டும். "அதான் மனப்பாடமா தெரியுமே, அப்புறம் எதுக்கு மச்சான் எழுதுறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தரையில நிக்கும்போது புத்தி ஒழுங்கா வேலை செய்யும் மாப்ள. மேல போயிட்டா ஆசை வந்துடும். புத்தி இருக்கும்போதே எழுதி வெச்சுடணும்."

நான் அந்த விமானத் தளத்தில் வேலை பார்க்கிறேன். விமானத் தளம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மலைகளுக்கு நடுவே ஒரு தார்ப் பாதை. அதன் ஓரத்தில் தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள். ஒன்றில் பயணிகள் உட்கார நாலு பெஞ்சு, எடை பார்க்கிற தராசு, ஜன்னல் கிடையாது. இன்னொன்றில் ரேடியோ, காற்றழுத்தக் கருவி, நான். இரண்டு அறைக்கும் நடுவில் தாழ்ப்பாள் சரியில்லாத ஒரு கதவு. ரேடியோ அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்மலையில் ஏறுகிற சாலை தெரியும். அந்தச் சாலையின் வளைவுகள்தான் எனக்கு அளவுகோல். முதல் வளைவு ஓடுபாதையிலிருந்து முந்நூறு அடி உயரம். இரண்டாவது அறுநூறு. மூன்றாவது ஆயிரம். எந்த வளைவு வரை கண்ணுக்குத் தெரிகிறதோ, மேகம் அந்த உயரத்துக்கு மேலே இருக்கிறது என்று அர்த்தம். நான் பார்த்துச் சொல்வேன், விமானி கேட்டுக்கொண்டு வருவார். மேகத்துக்குள் இருக்கிறவருக்கு எதுவும் தெரியாது. கீழே நிற்கிற என் கண்ணை நம்பித்தான் இறங்க வேண்டும்.

இரண்டாவது வளைவு தெரிந்தாக வேண்டும் என்பது விதி. ஆற்று இடுக்கு வழியாகப் பள்ளத்தாக்குக்குள் நுழைகிற விமானம் அறுநூறு அடி வரைக்கும் இறங்கலாம். ஓடுபாதை தெரியவில்லையா, இடது பக்கம் திரும்பி ஏறிவிடலாம், அங்கே இடம் இருக்கிறது. அதற்குக் கீழே இறங்கிவிட்டால் மலை இரண்டு பக்கமும் நெருங்கிவிடும். திரும்புவதற்கு இடம் போதுமா போதாதா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

பதினான்கு வருடம் அந்த ஜன்னலில் நின்று சொன்னேன். ஒருநாளும் ஒரு வளைவைக் கூட்டியோ குறைத்தோ சொன்னதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. இன்னொன்றிலும் நாங்கள் கறாராக இருந்தோம். ரேடியோவில் உறவு கிடையாது. நான் 'நிலையம்', அவர் 'விமானம்'. முந்தின நாள் ராத்திரி என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வாலுவோடு சண்டை போட்டுவிட்டுப் போனவராக இருந்தாலும், ரேடியோவில் முன்பின் தெரியாத ஆள் போலத்தான் பேசுவார். பேசி முடித்து விமானத்திலிருந்து இறங்கியபிறகுதான் மாப்ள.

மூன்று வருடத்துக்கு முன்னால், மழைக்காலத்தில், வாலு சைக்கிளிலிருந்து விழுந்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது. ஹேண்டில் பார் இடது விலாவுக்குக் கீழே குத்திவிட்டது. லேசாகக் கன்றிப் போயிருந்தது, அவ்வளவுதான். "ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு வழக்கம்போலச் சாப்பிட்டுத் தூங்கினாள். காலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. உதடு வெளுத்திருந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் ஓடி வந்தார். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ரத்த அழுத்தத்தை இரண்டு தடவை பார்த்தார். பிறகு என்னை மட்டும் வாசலுக்குக் கூப்பிட்டார்.

"உள்ள எங்கயோ ரத்தம் கசியுது. இங்க என்னால ஒண்ணும் பண்ண முடியாது. மத்தியானத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணியாகணும்."

ஆபரேஷன் என்றால் கீழே நகரம். சாலையில் ஆறு மணி நேரம், அதுவும் சாலை இருந்தால். மண் சரிந்து இரண்டு இடத்தில் அடைத்து மூன்று நாள் ஆகியிருந்தது. விமானத்தில் போனால் முப்பத்தைந்து நிமிடம். காலை விமானம் ஒன்பது நாற்பதுக்கு வர வேண்டும். வாலுவைப் போர்வையோடு தூக்கிக்கொண்டு தளத்துக்கு வந்தோம். இரண்டு பெஞ்சை ஒன்றாகப் போட்டுப் படுக்க வைத்தோம். என் மனைவி தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நர்ஸ் கையில் சலைன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எட்டே முக்காலுக்கு மச்சான் நகரத்திலிருந்து போன் செய்தார். "வாலு எப்படி இருக்கா?"

"வெளுத்துப் போயிட்டா மச்சான். கூப்பிட்டா கண்ணைத் திறக்கிறா, அவ்வளவுதான்."

"மேகம்?"

"இரண்டாவது வளைவு தெரியுது."

"பயணிங்க அஞ்சு பேர் இருக்காங்க. கொண்டுவந்து இறக்கிட்டு அப்படியே வாலுவ ஏத்திக்கிட்டுத் திரும்பிடறேன். ரெடியா இருங்க."

அப்போது நான் சொன்னது சத்தியமான உண்மை. இரண்டாவது வளைவில் நின்றிருந்த ஒரு லாரியின் நிறம்கூடத் தெரிந்தது. அவர் கிளம்பிய பத்தாவது நிமிடம் மழை பிடித்துக்கொண்டது. மேகம் மலையிலிருந்து இறங்கியது. முதலில் லாரி போனது, பிறகு வளைவு போனது. ஒன்பது இருபதுக்கு முதல் வளைவும் போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே காற்றின் திசை காட்டும் பை தொங்குகிற கம்பம் மட்டும் அரைகுறையாகத் தெரிந்தது. நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். என்னமோ அழுக்கு கண்ணாடியில் இருக்கிற மாதிரி.

ரேடியோ கரகரத்தது. "நிலையம், விமானம். ஆற்று இடுக்குக்கு அஞ்சு நிமிஷம். மேக உயரம் சொல்லுங்க."

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். 'முதல் வளைவும் தெரியவில்லை' என்று சொல்ல வேண்டும். சொன்னால் அவர் என்ன செய்வார் என்பதும் தெரியும். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிவிடுவார். பெரிய அதிகாரியைத் திருப்பியவர், என் அப்பாவைத் திருப்பியவர். அரைத் திறப்பாக இருந்த கதவு வழியாக வாலுவின் கால் மட்டும் தெரிந்தது. ஒரு காலில்தான் சாக்ஸ் இருந்தது. அவசரத்தில் இன்னொன்றைக் காணாமல் விட்டுவிட்டோம்.

"மூணாவது வளைவு தெரியுது" என்றேன். "ஆயிரம் அடி."

"மூணாவதா?"

"ஆமா. மேகம் மேல தூக்கிடுச்சு."

நான் என்ன நினைத்தேன் என்று பிற்பாடு பல தடவை மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். அவரைக் கொல்ல நினைக்கவில்லை. வந்து பார்த்தால் ஏதாவது ஓட்டை வழியாகப் பாதை தெரிந்துவிடாதா, வராமலே திரும்பினால் அதுகூட இல்லையே என்று நினைத்தேன். பின்னால் ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர்களைப் பற்றி நினைக்கவில்லை. இதை எழுதக் கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

என்ஜின் சத்தம் முதலில் ஆற்றுப் பக்கம் கேட்டது. என் மனைவி, "அண்ணன் வந்துட்டான்! வாலு, மாமா வந்துட்டாரு பாரு" என்று மகளைத் தட்டினாள். சத்தம் நெருங்கியது. நெருங்கி, இடது பக்கமாக விலகி, மேலே ஏறியது.

"நிலையம், அறுநூறு வரைக்கும் வந்துட்டேன். எதுவும் தெரியல. வளைவை இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்க."

இதுதான் எனக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. ஒரு மனிதனுக்கு இதற்கு மேல் எப்படி வாய்ப்புக் கொடுப்பார்கள்? நான் ஜன்னலைப் பார்த்தேன். இப்போது கம்பமும் இல்லை. நர்ஸ் கதவருகில் வந்து, "சார், பிரஷர் இறங்கிட்டே வருது" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"மூணாவது வளைவு நல்லா தெரியுது. நீங்க வர்ற பக்கம் மட்டும்தான் மூடியிருக்கு. மச்சான், வாங்க மச்சான். வாலு ரொம்ப முடியாம இருக்கா."

பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக அந்த ரேடியோவில் மச்சான் என்ற வார்த்தை போனது. பதிலுக்காகக் காத்திருந்தேன்.

"சரி மாப்ள" என்றார்.

அந்த இரண்டாவது தடவை வந்த சத்தத்தை நான் எப்படிச் சொல்வேன். தகரக் கூரை நடுங்கியது. மேஜை மேல் இருந்த டீ தம்ளர் நகர்ந்தது. வாலு கண்ணைத் திறந்து, "மாமாவா?" என்றாள். என் மனைவி போர்வையைச் சுற்றி அவளைத் தூக்கத் தயாராக எழுந்தே விட்டாள். சத்தம் எங்கள் தலைக்கு நேர் மேலே வந்தது, கூரையைப் பிய்த்துவிடும் போல. இவ்வளவு தாழ்வாக அவர் வந்ததே இல்லை. மலையில் மோதுகிற சத்தத்துக்காகக் காதைப் பொத்திக்கொண்டேன். பொத்தின காதையும் மீறி என்ஜின் வீறிட்டது. பிறகு அது இடது பக்கமாகப் போய், உயர்ந்து, தேய்ந்தது.

"முடியல. போறேன்." ரேடியோவில் அவ்வளவுதான் சொன்னார்.

"ஏம்மா போறாரு?" என்று வாலு கேட்டாள். அவள் பேசின கடைசி வார்த்தை அதுதான். அவள் அம்மாவுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. பன்னிரண்டு இருபதுக்கு நர்ஸ் சலைன் பாட்டிலைக் கீழே வைத்தார். அவர் கீழே வைத்ததைப் பார்த்துத்தான் எங்களுக்குப் புரிந்தது.

இரண்டு மணிக்கு மேகம் விலகிவிட்டது. என்னவோ வேலை முடிந்துவிட்ட மாதிரி சுத்தமாக விலகி, மூன்று வளைவுகளும் கழுவி வைத்தது போல் தெரிந்தன. எனக்கு அந்த மலையின் மேல் வந்த ஆத்திரத்தில் ஒரு கல்லை எடுத்து வீசினேன். அது ஓடுபாதையைக்கூடத் தாண்டவில்லை. இரண்டே முக்காலுக்கு மச்சான் தனியாக வந்து இறங்கினார். இன்னும் நேரம் இருக்கும் என்று நினைத்து வந்திருக்கிறார். நகரத்தில் இறங்கிய பயணிகள் ஐந்து பேரும், 'யூ-டர்ன் வண்டியில ஏறினது நம்ம தப்பு' என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்களாம். விமானத்தின் வலது சக்கரத்தில் ஒரு பச்சைக் கிளை, இலையோடு, சிக்கியிருந்தது. மச்சான் உள்ளே போனபிறகு நான் அதை உருவிப் புதரில் எறிந்தேன்.

நான் உள்ளே போகிறபோது என் மனைவி எழுந்து நின்றிருந்தாள். அவள் அழவில்லை.

"தெரியுது தெரியுதுன்னு இவரு சொல்லிக்கிட்டே இருந்தாரே. என் காதால கேட்டேன். ரெண்டு தடவை வந்துட்டு ரெண்டு தடவையும் திரும்பிட்ட."

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஊர்ல எல்லாரும் சொல்லும்போது உனக்காகச் சண்டை போட்டேனே அண்ணா. பயந்தாங்கொள்ளி இல்ல, எங்கண்ணன் பொறுப்பானவன்னு சொன்னேனே. பயந்துட்டதானே? சொல்லு. என் பிள்ளையை விட்டுட்டுப் போறதுக்கு உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

மச்சான் என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை, ஒரு மூச்சு நேரம். நான் வாயைத் திறந்திருக்கலாம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஆமாம்மா" என்றார் மச்சான். "பயந்துட்டேன்."

அன்றோடு அண்ணன் தங்கச்சி உறவு அறுந்தது. வாலுவை எடுத்துக்கொண்டு போகும்போது அவரைத் தொடவிடவில்லை. சவப்பெட்டியின் ஒரு மூலையைப் பிடிக்க வந்தவரை, "நீ வராத" என்றாள். அவர் தெருமுனையிலேயே நின்றுவிட்டார். கம்பெனியில் விசாரித்தார்கள். நிலையத்தின் குறிப்புப் புத்தகத்தில் ஆயிரம் அடி என்று என் கையெழுத்தில் இருக்கிறது, அப்படியிருந்தும் ஏன் இறங்கவில்லை என்று கேட்டார்கள். 'என் கணிப்புத் தவறு' என்று ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டுவிட்டார். அவர் என் பொய்யை நம்பிவிட்டார், தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைக்கிறார் என்று நான் நினைத்தேன். நினைத்து, அதைத் திருத்தாமல் மூன்று வருடம் சாப்பிட்டேன், தூங்கினேன், சம்பளம் வாங்கினேன். வீட்டில் அவர் பேச்சை எடுத்தாலே என் மனைவி எழுந்து போய்விடுவாள். அவர் அனுப்பிய கடிதங்களைப் பிரிக்காமலே அடுப்பில் போடுவாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

போன மாதம் புதிதாக ஒரு பெண் விமானி சேர்ந்தாள். முதல் நாளே மோசமான வானிலை. இரண்டாவது வளைவு தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. அப்படியே சொன்னேன். இறங்கி வந்து கை கொடுத்தாள். "உங்க கண்ணை நம்பித்தான் சார் வந்தேன்" என்று சிரித்தாள். நான் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். மறுநாள் லீவு போட்டுவிட்டு, கடைத்தெருவுக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, நகரத்துக்கு விமானம் ஏறினேன்.

மச்சான் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை செய்கிறார். வரிசையாக இருக்கிற அறைகளில் குளிர் எவ்வளவு என்று முள்ளைப் பார்த்து அட்டையில் எழுதும் வேலை. தலை மொத்தமும் நரைத்திருந்தது. தொப்பியும் கம்பளிச் சட்டையுமாக இருந்தவர், என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துபோனார். அது இன்னும் வலித்தது. "மாப்ள! அவ எப்படி இருக்கா? சாப்பிட்டியா?" என்று கேட்டுக்கொண்டே பொருள் ஏற்றும் மேடைக்குக் கூட்டிப்போய் ஒரு பெட்டியின் மேல் உட்கார வைத்தார்.

நான் சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு மூணாவது வளைவு தெரியல மச்சான். முதல் வளைவே தெரியல. நான் பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றார்.

நான் தலையை நிமிர்த்திப் பார்த்தேன்.

"முதல் தடவை அறுநூறுக்கு வந்தப்பவே தெரிஞ்சுடுச்சு. நீ சொன்ன மாதிரி மேகம் ஆயிரத்துக்கு மேல இருந்தா, நான் அறுநூறுல மேகத்துக்குள்ள இருக்க முடியுமா? சின்னக் கணக்குதானே."

"அப்புறம் ஏன் ரெண்டாவது தடவை வந்தீங்க?"

"வாலு கீழ இருந்தாளே" என்றார். பிறகு மேடையில் ஏறிக்கொண்டிருந்த பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இருநூறு வரைக்கும் இறங்கினேன் மாப்ள. பின்னால அஞ்சு பேர். ஒரு அம்மா கைக்குழந்தையோட இருந்தாங்க. மரம் சக்கரத்துல உரசுச்சு. அதுக்கப்புறம்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. திரும்புறேன், திரும்ப இடம் இருக்கான்னு தெரியாது. இருந்துச்சு. நான் ஒண்ணும் கெட்டிக்காரத்தனமா திரும்பல. இடம் இருந்துச்சு, அவ்வளவுதான். கொஞ்சம் கம்மியா இருந்திருந்தா ஆறு பேரும் மலையில ஒட்டியிருப்போம். நீ பொய் சொன்ன. நான் அதை நம்புற மாதிரி எனக்கே நடிச்சேன். இதுல உன்னை எப்படித் திட்டுறது? அதுக்கப்புறம் அந்த இருக்கையில உட்கார எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

நான் தேம்பித் தேம்பி அழுதேன். சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் என் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மகளைப் பறிகொடுத்தவனும் நான், பொய் சொன்னவனும் நான், ஆறுதல் வாங்கிக்கொள்கிறவனும் நானாக இருந்தேன்.

"வீட்டுக்குப் போனதும் அவகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன் மச்சான்."

"சொல்லி?"

"உங்க மேல இருக்கிற கோபம் போகுமே."

"என் மேல இருந்து போய் எங்க போகும்? உன் மேல வந்து உட்காரும்." அவர் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். "அவளுக்குத் திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும் மாப்ள. இல்லாட்டி அவ தன்னையே திட்டிக்குவா, ஏன் சைக்கிள் வாங்கிக் குடுத்தோம், ஏன் ராத்திரியே நர்ஸைக் கூப்பிடலன்னு. நான் தூரத்துல இருக்கேன், திட்டினா திட்டிட்டுப் போகட்டும், எனக்குக் கேக்காது. நீ அதே வீட்டுல இருக்க. பிள்ளையும் போயி, அண்ணனும் போயி, நீயும் போயிட்டா அவ யாரோட உட்கார்ந்து சாப்பிடுவா?"

நான் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும். உண்மை என்பது அவள் சொத்து, அதைப் பங்கு பிரிக்க நாம் யார் என்று கேட்டிருக்க வேண்டும். அதெல்லாம் திரும்பி வருகிற விமானத்தில்தான் தோன்றியது. அங்கே அந்தப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: அப்பாடா, சொல்ல வேண்டியதில்லை. நெஞ்சில் இருந்த பாரம் இறங்கி, மூச்சு நன்றாக வந்தது. என்னை நான் மன்னிக்க முடியாமல் இருப்பது அந்தப் பொய்க்காகக்கூட இல்லை, அந்த மூச்சுக்காக.

கிளம்பும்போது மச்சான் சட்டைப் பையிலிருந்து ஒரு பாக்கெட் பிஸ்கட்டை எடுத்தார். "அவளுக்குப் பிடிக்கும். நீ வாங்கினதா சொல்லிக் குடு" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பிஸ்கட்டை வாங்கி மேஜை மேல் வைத்தாள். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கடைத்தெருவுக்குப் போனேன்னு சொன்னீங்க. கண்ணெல்லாம் வீங்கியிருக்கு. அவனைப் பார்க்கப் போனீங்களா?"

"இல்ல" என்றேன்.

"போயிருந்தா சொல்லிடுங்க. எனக்கு இந்த வீட்டுல உங்க ஒருத்தர் பேச்சைத்தான் நம்ப முடியுது."

"போகல" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். "அவன் செத்தாலும் எனக்குச் சொல்லாதீங்க" என்றாள்.

"சரி" என்றேன்.